அஞ்செட்டி இறக்கத்துக்கு ஒரு பிரேக்

திம்மராயன் ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. கையில் ஒரு மஞ்சள் பை, தோளில் மடித்துப் போட்ட கம்பளி. எங்கள் எட்டு ரூம் வரிசையில் கடைசி ரூம்தான் காலியாக இருந்தது. கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆறு மாசத்துக்குத்தான் அக்கா. அப்பறம் ஊருக்குப் போயிடுவன்" என்றான்.

அந்த ஆறு மாதம் இருபத்தேழு வருடம் ஆயிற்று. நான் பாட்டியாகிவிட்டேன். அவன் மீசை நரைத்துவிட்டது. சிப்காட்டில் சேர்ந்த அதே லேத் பட்டறையில்தான் இன்றைக்கும் வேலை. முதலாளி மாறினார், மெஷின் மாறியது, அவன் மட்டும் மாறவில்லை.

அஞ்செட்டியைத் தாண்டி எட்டு மைல் போனால் அவன் ஊர். இங்கே வருவதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி மாதம்மாள் கூட வரவில்லை. மாமியார் படுக்கையில் கிடந்தாள், மாடு நான்கு இருந்தது, இரண்டு ஏக்கர் ராகிக் காடு இருந்தது. மாமியார் பிழைத்து எழுந்து இன்னும் பதினைந்து வருடம் இருந்தாள். அவள் போன பிறகு மாடு ஆறு ஆனது. ஒரு குழந்தை பிறந்தது; மூன்று நாள் இருந்தது. பிறகு குழந்தையே இல்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஷிப்டு முடிந்து பஸ் ஏறுவான். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவான். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். என் பேத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள்: இருபத்தேழு வருடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருடம்கூட வராதாம். நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பின்னால் வருகிற ஒரு விஷயத்தை எழுத வேண்டாம் பாட்டி என்கிறாள். அதற்காகத்தான் சொல்லவே உட்கார்ந்தேன், எழுது என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் மாதம்மாளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. அஞ்செட்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சில் கோளாறு இருக்கிறது, ஓசூரில் பெரிய டாக்டரிடம் காட்டி மாதாமாதம் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் மாட்டை விட்டு வரமாட்டேன் என்றாள். திம்மராயன் ஒவ்வொரு மாதமும் போய்க் கெஞ்சிவிட்டு வருவான்.

"என்னாடா சொல்றா?" என்று கேட்பேன்.

"செவலைப் பசு ஈனட்டும், அப்பறம் வர்றன்னு சொல்றா."

"பசு ஈன்னா கன்னு வளரட்டும்னு சொல்லுவா."

"நீங்க ஒண்ணு. உங்க வாயி அவ காதுல உழுந்துடப் போவுது."

அவளைப் பஸ்ஸில் கூட்டிவர முடியாது. ஊருக்குள் பஸ் வருவதில்லை. ரோட்டுக்கே ஒரு மைல் நடக்க வேண்டும். அதனால்தான் அவன் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினான். நாலு பேர் கை மாறிய சின்னக் கார். ஒரு கதவு நீலம். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் கூடவே சிரித்துவிட்டு, மாதம்மாளுக்கென்று வாங்கிய கட்டிலையும் அதே காரின் தலைமேல் கட்டிக் கொண்டுவந்தான்.

இந்த மாசியில் செவலைப் பசு ஈன்றது. மாதம்மாள் போன் செய்து தானாகவே சொன்னாள்: மாடுகளைத் தம்பி திருமலையிடம் ஒப்படைத்துவிட்டேன், வருகிற ஞாயிறு வா, வருகிறேன் என்று. அன்றைக்கு அவன் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் நிச்சயம் ஆச்சு என்று சொன்னால் ஒரு பையன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் காரின் பிரேக் மிதி தரையைத் தொடுகிறது. மிதித்தால் மெத்தையை மிதித்த மாதிரி அமுங்கிப் போகிறது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் வழி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பள்ளம், வளைந்து வளைந்து கீழே இறங்கும். பிரேக் இல்லாத வண்டியில் அந்த இறக்கத்தில் இறங்க முடியாது. மெக்கானிக்கிடம் விடு என்றேன்.

"நான் கையால தொட்டுப் பாக்காத பிரேக்க நம்பி அவள ஏத்த மாட்டன்" என்றான்.

அன்று லீவு போட்டான். கடைக்குப் போய்ப் புது ரப்பர் ஒரு பாக்கெட்டும் பிரேக் ஆயில் டப்பா ஒன்றும் வாங்கி வந்தான். பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டர் என்கிற உருளையைக் கழற்றி எடுத்தான். மிதியை மிதித்தால் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தள்ளுவது அதுதானாம். உள்ளே இருந்த கம்பிச் சுருளையும் தண்டையும் வெளியே இழுத்து, பழைய சோற்றுத் தட்டில் வரிசையாக வைத்தான். உருளையின் உட்புறத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, விரலை விட்டுத் தடவினான்.

"கீறலே இல்லக்கா. ரப்பர்தான் தேஞ்சிருக்குது. ரப்பர மட்டும் மாத்துனா போதும்."

பிறகு சாப்பிடப் போனான். தட்டு என் முன்னால் இருந்தது.

இதைத்தான் என் பேத்தி வேண்டாம் என்கிறாள்.

எங்கள் வரிசையில் பெண்களெல்லாம் பட்டறைச் சாமானை வீட்டில் வைத்து வேலை செய்கிறவர்கள். திம்மராயன்தான் அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தான். லேத்தில் கடைந்த சாமான் மூட்டையாக வரும். அரத்தால் பிசிறு எடுக்க வேண்டும், டீசலில் அலச வேண்டும், எண்ணெயில் முக்கி, காகிதத்தில் சுற்றி அடுக்க வேண்டும். எண்ணெய் படாமல் ஒரு துண்டுகூடக் கையை விட்டுப் போகக் கூடாது, துரு ஏறிவிடும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தான். பதினெட்டு வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன். இரும்பு எது, பித்தளை எது என்று பார்க்க மாட்டேன். தட்டில் சாமான் இருந்தால் கை தானாகப் போகும்.

பாக்கெட்டைப் பிரித்து அந்தக் கறுப்பு ரப்பர்களை எடுத்தேன். சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரி, மாவு பூசியது போல வெளுத்து இருந்தன. நாளைக்கு அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கப்போகிற வண்டி, சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். டீசலில் அலசினேன். எண்ணெய்ச் சட்டியில் போட்டேன். அவன் சாப்பிட்டு, ஒரு போன் பேசி முடித்து வருகிறவரை அவை அதிலேயே கிடந்தன. பிறகு எடுத்துத் துணியால் பளபளவென்று துடைத்துத் தட்டில் வைத்தேன்.

அவன் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டினான். எங்கள் வாசல் முழுக்க எப்போதும் டீசல் நாற்றம்தான். அவன் மூக்குக்கு அது தனியாகத் தெரியவில்லை. செய்ததை நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

சிலிண்டரை மறுபடி மாட்டிவிட்டுக் குழாய்களில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும் என்றான். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் திருகைத் திறந்து மூட வேண்டும். ஆண்களெல்லாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். என்னைத்தான் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான். அதற்கு முன்னால் நான் காரின் முன் பக்கத்தில்கூட உட்கார்ந்ததில்லை.

"மிதிங்க அக்கா."

"மிதிச்சிட்டன்."

"புடிங்க. உடாதீங்க. நான் சொன்னாத்தான் உடணும்."

"உள்ள போவுதுடா."

"போவட்டும், புடிங்க. ஆங், இப்ப உடுங்க."

எதிர் ரூம் வினோதா இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, "பாட்டி லைசென்ஸ் வாங்கிட்டியா? போலீசு வந்தா என்னா சொல்லுவ?" என்றாள்.

"வண்டி நவுந்தாத்தாண்டி கேசு. போடி, தண்ணி நின்னுடப் போவுது."

நாலு சக்கரமும் முடிவதற்குள் என் தொடை மரத்துவிட்டது. கடைசியில் மிதி கல் மாதிரி நின்றது. திம்மராயன் கீழேயிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தானே ஒரு தடவை மிதித்துப் பார்த்தான். தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தான். நன்றாகவே பிடித்தது.

"மாதம்மா வந்து கேட்டா நீங்கதான் ரிப்பேரு பண்ணீங்கன்னு சொல்றன்" என்றான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். திரும்பி வரும்போது அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள ஒரு பெண் துணை வேண்டுமென்று நானும் போனேன். மத்திகிரி தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வண்டி முனகியது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. தாரும் ரப்பரும் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. தேன்கனிக்கோட்டைக்கு இந்தப் பக்கம், ராகி அறுத்த காட்டோரத்தில், வண்டி தானாக நின்றது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து புகை. அவன் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான்.

தங்கதுரை என்று ஒரு மெக்கானிக், பக்கத்தில் கொட்டகை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவன் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, ரப்பரை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். நேற்று நான் துடைத்து வைத்ததைவிட அது பெரிதாக இருந்தது. ஊறிய கொண்டைக் கடலை மாதிரி உப்பி, மெத்தென்று இருந்தது. அவன் முகர்ந்து பார்த்தான்.

"இத மாட்டுனது யாரு?"

"நான்தான்" என்றான் திம்மராயன்.

"டீசல்ல கழுவி எண்ணெயில ஊறப் போட்டிருக்குது. பிரேக்கு ரப்பருக்குப் பிரேக் ஆயிலத் தவிர வேற எது பட்டாலும் ஊதிப் போவும். ஊதுனா எண்ண திரும்பாது, சக்கரம் இறுகிக்கும். எந்த மடையனுக்கும் தெரியுமே இது. எண்ணெயில போட்டது யாரு?"

திம்மராயன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடிதான். அந்தப் பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நான்தாங்க. பட்டறைப் பழக்கம்" என்றான்.

அறுபத்தெட்டு வயதில், ஊரில் எல்லோரையும் அதட்டுகிறவள், ஒரு முன்பின் தெரியாத மெக்கானிக் மடையன் என்று சொல்லிவிடுவானே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தங்கதுரை சொன்னது இது: கெட்ட எண்ணெய் நாலு சக்கரத்துக்கும் போயிருக்கும், எல்லா ரப்பரையும் மாற்றிக் குழாயையும் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. வேறு வண்டி கிடைக்குமா என்று கேட்டோம். முகூர்த்த நாள், எல்லா வண்டியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. மூன்று மணிக்கு மேல் ஒன்று வரும் என்றான். மூன்று மணிக்குக் கிளம்பினால் அவளை ஏற்றித் திரும்புவதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் அந்தக் காட்டு ரோட்டில் யானை நிற்கும். ஒருத்தரும் வண்டி எடுக்க மாட்டார்கள்.

திம்மராயன் போன் செய்தான். சத்தமாகப் பேசுகிற போன், எனக்கும் கேட்டது.

"வண்டி நின்னு போச்சு மாதம்மா."

"எங்க நின்னுச்சு?"

"தேன்கனிக்கோட்டைகிட்ட. பிரேக்கு."

"அதுக்கு ஏன் குரலு இப்படி இருக்குது? அடுத்த ஞாயிறு வா."

"மூணு மணிக்கு வேற வண்டி வருமாம். வந்து அங்கியே தங்கிட்டுக் காலைல கூட்டியாரட்டா?"

"ஒண்ணும் வேணாம். ஷிப்டு என்னா ஆவறது. இருபத்தேழு வருசம் இருந்தவ ஏழு நாளு இருக்க மாட்டனா? உன் வண்டியிலதான் வருவன். கன்னுக்குட்டியும் இன்னும் சரியா ஊட்ட மாட்டேங்குது, பாத்துக்கறன்."

அவள் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கன்றோடு இன்னும் ஒரு வாரம் கிடைத்த சந்தோஷம். அவன் சரி என்றுவிட்டான்.

திங்கள், செவ்வாய் ஷிப்டு முடிந்து வந்து, நாலு சக்கரத்தையும் கழற்றி, எல்லா ரப்பரையும் மாற்றினான். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் வந்து கதவைத் தட்டினான்.

"மிதிக்க வாங்கக்கா."

"வேற யாரையாச்சும் கூப்புடு. என் காலு ஆவாது."

"உங்க காலுதான் என் கைக்குப் பழக்கம். வாங்க."

போய் மிதித்தேன். அவனும் அந்த ரப்பர் பேச்சை எடுக்கவில்லை. பட்டறையில் அதற்குள் விஷயம் பரவியிருந்தது. இருபத்தேழு வருடம் கம்பெனியில் இருந்தவன் பிரேக் ரப்பருக்கு எண்ணெய் போட்டானாம் என்று அவனைக் கேலி பண்ணினார்களாம். வினோதாவின் புருஷன் வந்து சொன்னான். திம்மராயன் கூடவே சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தானாம்.

வியாழக்கிழமை காலை திருமலை போன் செய்தான். மாதம்மாள் விடிகாலையில் கன்றைப் பால் ஊட்ட விட்டுவிட்டு, கட்டுத்தறியோரம் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

காரில்தான் போனோம். கோட்டை தாண்டி இறக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவன் மிதித்தான். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. ஒரு முனகல் இல்லை, ஒரு வாடை இல்லை. அவ்வளவு நன்றாகப் பிடித்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மூட்டை. போன சனிக்கிழமை கட்டி வைத்தாளாம். ஞாயிறு போகவில்லை என்றானதும் அவிழ்க்கவில்லை. அடுத்த ஞாயிறுக்கு மறுபடி யார் கட்டுவது என்றாளாம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது திருமலை எழுந்தான். நல்ல பையன்தான், அக்கா போன துக்கம்.

"ஓட்டை வண்டிய வாங்கி வெச்சிக்கிட்டு என் அக்காளக் கூட்டிப்போறன்னு சொன்னியே மாமா. பிரேக்குல எண்ணைய ஊத்திக் கெடுத்தியாமே, எழவுக்கு வந்த உன் கம்பெனி ஆளுங்களே சொல்றாங்க. கம்பெனியில இதத்தான் கத்துக்கினியா? போன ஞாயிறு டாக்டருகிட்ட போயிருந்தா அவ இருந்திருப்பா."

திம்மராயன் தலையைக் குனிந்துகொண்டான்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"டேய் தம்பி. எண்ணெயில போட்டது அவன் இல்ல. நான். அவன் சோறு தின்னப் போனான், நான் போட்டன். அவன் என்னக் காட்டிக் குடுக்கல. கேக்கணும்னா என்னக் கேளு."

திருமலை என்னையே பார்த்தான். என் வயதுக்கு என்னைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் சொன்னதால் யாருக்கும் எதுவும் லேசாகவில்லை. எனக்கும் ஆகவில்லை. ஆனாலும் அவன் தலையில் இருந்ததை எடுத்து என் தலையில் வைத்தேன். அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு திரும்பினோம். திருமலை அந்த மூட்டையைத் தூக்கி வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் முன் சீட்டில் வைத்தான். நான் பின்னால் உட்கார்ந்தேன். திரும்பும் வழி முழுக்க ஏற்றம். பிரேக்குக்கு வேலையே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

"ஏண்டா நான்தான்னு சொன்ன?"

"கடைக்காரன் எனக்குச் சொன்னான், வேற எண்ண படக்கூடாதுன்னு. நான் உங்களுக்குச் சொல்லல. எண்ணெயில முக்கணும்னு கத்துக் குடுத்தவனும் நான்தான். அப்பறம் யாருன்னு சொல்றது?"

"ஒரு வார்த்த திட்டிடு. எனக்கு ஆறும்."

"போங்கக்கா."

பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனான். பால்காரன் மொபெட்டும் தாண்டிப் போனது. வண்டி மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. மறுபடி ஏதோ கெட்டுவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது.

"ஏண்டா இவ்ளோ மெதுவா போற? வண்டிக்கு என்னா?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றான். கண் ரோட்டின் மேலேயே இருந்தது. "அவளுக்குக் காருல உக்காந்து பழக்கம் இல்ல. வளைவுல வேகமா போனா வாந்தி வரும். சாயங்காலம் சாயங்காலம் சிப்காட் ரோட்டுல இப்படித்தான் ஓட்டிப் பழகுனன். வேற மாதிரி ஓட்ட வரலக்கா."